சுனாபட்டி கேட்டில் சில நிமிஷம்

தமிழ்நாட்டிலிருந்து முதல்முறையாக மும்பைக்கு வருகிறவர்களுக்கு சுனாபட்டி என்ற பெயர் ஆண்டிப்பட்டி, உசிலம்பட்டி வரிசையில் சேர்ந்த ஏதோ ஓர் ஊராகத் தோன்றும. அந்தப் பட்டி அல்ல இது. மராத்தியில் சுனா என்றால் சுண்ணாம்பு. பட்டி என்றால் சூளை. நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாய்தான். காளவாய் போய் சுதேசி மில் வந்தது, அந்த மில்லும் மூடப்பட்டது. இன்று சுனாபட்டி என்றதும் நினைவுக்கு வருபவை சாலைகள்தான்.

விடிவதற்கு முன் தாராவியிலிருந்து இட்லி வியாபாரிகள் கிளம்புகிறார்கள். சைக்கிள் கேரியரில் அலுமினிய அண்டா, ஹேண்டில்பாரில் சாம்பாரும் சட்னியும் கொண்ட தூக்குகள், பக்கத்தில் ஒரு ரப்பர் ஹாரன். அந்த ஹாரன் லாரிக்காரனை எச்சரிக்க அல்ல, மாடியில் இருக்கும் வாடிக்கையாளரை எழுப்ப.

முன்பு தாராவியிலிருந்து சயான் போவது எளிது. 1912இல் கட்டிய ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் போதும். 2024 ஆகஸ்ட் 1 அன்று, இடித்துக் கட்டுவதற்காக அதை வாகனங்களுக்கு மூடினார்கள். காரில் போகிறவருக்குச் சுற்றுவழி என்பது கூடுதல் பெட்ரோல். கேரியரில் கனத்தோடு மிதிக்கிறவருக்கு முழங்கால் வலி.

அதைத் தாண்டினால் ராணி லட்சுமிபாய் சௌக். மேம்பாலத்தில் ஏறுகிறவை ஏறிவிட, மிச்சமெல்லாம் கீழே முட்டிமோதுகின்றன. இடப்பக்கம் திரும்பும் லாரியின் முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போவதில்லை; உள்ளே ஒடித்துக்கொண்டு வரும். ஓரமாகப் போவதுதான் பத்திரம் என்று நினைக்கிற சைக்கிள்காரர் சரியாக அந்த இடத்தில்தான் இருப்பார். டிரைவரின் கண்ணாடியில் அவர் தெரியமாட்டார்.

சுனாபட்டியை ஒட்டி இன்னொரு சிக்கல். கிழக்கு விரைவு நெடுஞ்சாலை காட்கோபர் பக்கம் போக, செம்பூர் சாலை வலப்பக்கம் பிரிகிறது. இடது ஓரத்தை விடாமல் வருகிறவர் செம்பூர் போக வேண்டுமானால், வேகமெடுத்துப் பாயும் வாகனங்களைக் குறுக்கே வெட்டியாக வேண்டும். அண்டா கட்டிய சைக்கிள் சட்டென்று நிற்காது. நின்றால் சட்டென்று கிளம்பாது.

"ஏறி உக்காந்து போனா அது தெனாவட்டு சார்," என்கிறார் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். "எறங்கித் தள்ளிட்டுப் போனா எவனாவது ஒருத்தன் பிரேக் போடுவான்."

இத்தனைக்கும் இந்த நகரம் சைக்கிளை மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மித்தி நதிக்கு அந்தப் பக்கம், பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2011இல் 13 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டார்கள். அலுவலகங்களைச் சுற்றிச் சுற்றி வந்த அந்தப் பாதை இந்தப் பக்கம் தாராவிக்கு வரவில்லை. கார் நிறுத்த வசதியாக இருந்தது. கடைசியில், சாலையை அகலப்படுத்த அதை அகற்றுவது என்று 2025இல் முடிவெடுத்தார்கள். அதே வளாகத்தையும் சுனாபட்டியையும் இணைத்து 2019 நவம்பரில் திறந்த 1.6 கிலோமீட்டர் மேம்பாலத்திலோ இரு சக்கர வாகனங்களுக்கே இடமில்லை என்றார்கள். சைக்கிளைப் பற்றிக் கேட்பானேன்! வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே முக்கியம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. நல்ல கொள்கை.

நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் இதே கதைதான். 1971இல் மட்டும் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்த பிறகு பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். பிறகு சந்திப்புகளின் வடிவமே மெல்ல மாறியது. மூலைகளில் சிறு திட்டுகள் கட்டி, லாரி அகலமாகவும் மெதுவாகவும் திரும்பும்படி செய்தார்கள். சைக்கிள்கள் நிற்கும் கோட்டை மற்ற வாகனங்களுக்கு முன்னால் தள்ளிப் போட்டார்கள். விளக்கு பச்சையாகும்போது சைக்கிள் டிரைவரின் கண்ணெதிரே இருக்கும்.

அந்த இரண்டாவது ஏற்பாட்டைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் போக வேண்டியதில்லை என்பது சுனாபட்டி ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே கேட்டில் நின்றபோது தெரிந்தது. கேட் மூடியிருந்தது. டெம்போ, ஆட்டோ, கார் எல்லாம் வரிசையில் நிற்க, இரண்டு இட்லி சைக்கிள்களும் ஒரு பாவ் ரொட்டி சைக்கிளும் இடுக்குகளில் நுழைந்து கம்பிக்கு அருகே வந்து நின்றன. ஹார்பர் லைன் ரயில் ஒன்று போயிற்று. எதிர்த்திசையில் இன்னொன்று. பின்னால் ஹாரன்கள் கத்தின. ரயில்வேக்காரர்களுக்கு இது மாதிரி கேட்டுகள் ஒரு தலைவலி; திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ரயில்கள் தாமதம்.

கேட் உயர்ந்ததும் முதலில் கிளம்பியவை சைக்கிள்கள்தான். அவசரமில்லாமல் தண்டவாளப் பள்ளங்களில் அண்டா குலுங்காமல் கடந்து போனார்கள். பின்னால் வந்த டெம்போ அவர்களைப் பார்த்துக்கொண்டே, வேறு வழியில்லாமல், அவர்கள் வேகத்திலேயே வந்தது.

மெயின் ரோட்டில் போனால் சீக்கிரமாச்சே என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"பத்து நிமிஷம் மிச்சம்தான் சார். இட்லி சூடா இருக்கும்," என்றார். கேட்டுக்கு அப்பால் முதல் சந்தில் திரும்பியதும் ரப்பர் ஹாரனை இரண்டு முறை அமுக்கினார். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.