முத்துப்பேட்டை இறால் குட்டைகளில் ஒரு வைகறை

காவிரிப் படுகையின் தென்கோடியில், பாமணியாறும் கோரையாறும் காயலில் கலக்குமிடத்தில் அமைந்திருக்கிறது முத்துப்பேட்டை. தமிழகத்தின் மிகப் பெரிய அலையாத்திக் காடு இங்குதான் உள்ளது. ஜாம்புவானோடை தர்காவுக்கு வருவோர் சிலர் படகேறி அக்காட்டையும் கண்டு திரும்புவர். கரையோரம் சதுரம் சதுரமாக வெட்டப்பட்டிருக்கும் இறால் குட்டைகளை எவரும் தேடி வருவதில்லை. நாம் சென்றது அவற்றைக் காணவே.

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அங்கே பண்ணை நடத்துகிறார். "ஹஜ்ரத், ஃபஜ்ருக்கு முன்பே வந்துவிடுங்கள். எங்கள் தொழிலின் உயிர் அந்நேரத்தில்தான் ஊசலாடும்" என்று அழைத்திருந்தார். அதன் பொருள் நேரில் கண்டபோதே விளங்கிற்று. குட்டையில் வாழும் நுண்பாசிகள் பகலில் வெயிலை வாங்கிப் பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவிலோ அவையும் இறாலோடு சேர்ந்து அதையே சுவாசிக்கின்றன. ஆகவே விடிவதற்குச் சற்று முன்னர் நீரில் பிராணவாயு மிகவும் தாழ்ந்திருக்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கவலைதான். முற்காலத்தில் இறால்கள் தவித்து நீர்மட்டத்துக்கு வந்த பின்னரே விஷயம் தெரியும். அதற்குள் காரியம் கைமீறியிருக்கும். இன்று நீரில் மூழ்கிக் கிடக்கும் சிறு கருவியொன்று அந்த அளவைக் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நாம் நின்றிருந்தபோதே எண் தாழ்ந்தது; ஏரேட்டர்கள் இரைச்சலோடு சுழன்று நீரை வாரியிறைத்தன. தஹஜ்ஜுத் வேளையில் விழித்திருக்க இப்படியும் ஒரு காரணம்!

செலவில் ஏறத்தாழப் பாதி தீவனத்துக்கே போகிறது. மிஞ்சிய தீவனம் அடியில் அழுகி நீரைக் கெடுக்கும். இறால் தீவனத்தைக் கடிக்கும் ஓசையை நீருக்கடியில் கேட்டு, பசிக்கேற்ப ஊட்டும் இயந்திரங்களும் உலகில் வந்துவிட்டன. இவரிடம் இன்னும் சோதனைத் தட்டுதான். தீவனமிட்ட சில மணி நேரத்தில் தட்டைத் தூக்கி, மிச்சத்தைப் பார்த்து, அடுத்த வேளை அளவைத் தீர்மானிக்கிறார். ஆயினும் குட்டைவாரியாக எல்லாமே கைப்பேசியில் பதிவாகிறது. (இறால் ஆகுமா ஆகாதா என்று ஹனஃபி அன்பர்கள் விவாதிப்பதுண்டு, கடற்கரை ஷாஃபிஈகளாகிய நமக்கு அந்தச் சிரமமில்லை.)

இந்தக் கணக்கு வழக்கம் சும்மா வந்துவிடவில்லை. 1994இல் வெண்புள்ளி நோய் இந்தியப் பண்ணைகளில் புகுந்து பலரை ஓட்டாண்டியாக்கிற்று. 1996 டிசம்பரில், காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பை வழங்கிற்று. குடிநீர்க் கிணறுகள் உப்பாயின என்பது அவ்வழக்கின் முக்கியமான முறையீடுகளில் ஒன்று. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனிச்சட்டம் வந்தது. 2009இல் வெனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்த பின், நோயற்ற தாய் இறால், குஞ்சுகளுக்கு பி.சி.ஆர். பரிசோதனை என ஒழுங்குகள் கூடின.

பண்ணையை விட்டு வரும் வழியில் ஒரு கிணறு. நீர் கரிக்கிறது, குடிப்பதற்கு லாரித் தண்ணீர்தான் என்றார் குடத்தோடு நின்ற மூதாட்டி. மாணவர் தம் உப்புமானியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். 3 என்று காட்டிற்று. குட்டையால் வந்த உப்பா, 2018இன் கஜா புயல் கொணர்ந்ததா, கடலே உள்ளேறியதா? பழைய அளவு ஒன்றுமில்லாததால் எவராலும் சொல்லக்கூடவில்லை. குட்டைக்கு ஆண்டுக்கணக்கில் பதிவு இருக்கிறது. அண்டை வீட்டாரின் கிணற்றுக்கு ஓர் எண்கூட இல்லை. அளவையில் மோசடி செய்வோரை எச்சரித்து ஓர் அத்தியாயமே அருளப்பட்ட மார்க்கம் நம்முடையது. அளக்காமலே விடுவதை எதில் சேர்ப்பது?

"கிணற்றை அளக்க வேண்டுமென்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, ஹஜ்ரத்" என்றார் அவர். அந்தக் கருவி என்ன விலை என்று கேட்டோம். ஒரு மூட்டைத் தீவனத்தின் விலைக்கு மேல் போகாது என்றார்.