வாழைமர நோட்டு

பழைய நோட்டு சேர்க்கிறது என் பொழுதுபோக்குன்னு உங்கள்ல பலருக்குத் தெரியும். போன மாசம் கூனிமேடு கேம்ப்ல நடந்ததை, அந்தம்மா அனுமதியோட சொல்றேன்.

சுகர், பிரஷர் பார்க்க வந்த 75 வயசுப் பாட்டி. காப்பீட்டு அட்டை கேட்டேன். பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்தாங்க. ஆதார், ரேஷன் கார்டு, கூடவே நாலா மடிச்ச ஒரு நோட்டு. வாழைமரப் படம். 10 டாலர்.

பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. இரண்டாம் உலகப்போர்ல மலேயாவைப் பிடிச்ச ஜப்பான் 1942ல புழக்கத்துல விட்ட காசு. 'எம்' எழுத்துல தொடங்கினா மலேயா, 'பி'ன்னா பர்மா, 'ஓ'ன்னா பசிபிக் தீவுகள். முதல்ல வரிசை எண் போட்டாங்க. அப்புறம் அதையும் விட்டுட்டு வெறும் எழுத்தோட அச்சடிச்சுத் தள்ளினாங்க. விலைவாசி எகிறுச்சு. 1945ல ஜப்பான் சரணடைஞ்சதும், திரும்பி வந்த பிரிட்டிஷ்காரங்க இது செல்லாதுன்னுட்டாங்க.

"எங்கத்தா பினாங்குல கடை வெச்சிருந்தாங்க. சண்டை முடிஞ்சு ஊருக்கு வரும்போது ஒரு பெட்டி நிறைய இதைத்தான் கொண்டாந்தாங்க. மவுத்தாகிற வரைக்கும், ஜப்பான்காரன் ஒருநாள் மாத்திக் குடுப்பான்னு சொல்லுவாங்க. நீங்க படிச்சவங்க. இப்ப மாத்த முடியுமா டாக்டர் தம்பி?"

அவர் நம்பினதுல தப்பே இல்ல. கேட்டதும் கொடுப்போம்னு ஜப்பான் அரசாங்கம் வாக்குக் கொடுக்கிறதா அந்த நோட்டிலேயே இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கு.

வியாதியைப் பக்குவமா சொல்ல எங்களுக்குப் பயிற்சி இருக்கு. இதுக்கு இல்ல.

"முடியாதும்மா"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். "சேகரிக்கிறவங்க சில நூறு ரூபா தருவாங்க, நானே வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டேன்.

பாட்டி நோட்டை மறுபடி நாலா மடிச்சாங்க. "இது எங்கத்தாவுக்கு வரவேண்டிய பாக்கி, தம்பி. பாக்கிச் சீட்டை யாராவது விப்பாங்களா?"

கவருக்குள்ள வெச்சுட்டு, மாத்திரை வாங்கப் போயிட்டாங்க.

என் ஆல்பத்துல இதே நோட்டு மூணு இருக்கு. எழுத்து, நிறம், கசங்கல் எல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன். யாருக்கு வராம போன பாக்கின்னு ஒண்ணுலகூட எழுதல. எனக்குத் தெரியாது.

உங்க வீட்டுப் பெட்டியில இப்படி இருந்தா லேமினேட் பண்ணாதீங்க, செலோடேப் ஒட்டாதீங்க. யார் கொண்டாந்தது, எந்த ஊர்லேர்ந்துன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட இப்பவே கேட்டு, ஒரு தாள்ல எழுதி கூடவே வைங்க.