இரண்டு நிஷாதம்

ரெட்ரிஸ் விளையாட்டை ஒருநாளும் தொட்டுப் பாராதவர்களுக்கும் அதன் மெட்டுத் தெரிந்திருக்கும். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் அந்த விளையாட்டை 1984 இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் எழுதினார். அவர் பாவித்த கணினிக்குப் படம் வரையத் தெரியாது. அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கட்டை என்று காட்டினார். பாட்டும் இல்லை. பாட்டு உலகத்தின் காதில் ஏறியது 1989 இல், யப்பானின் நின்ரெண்டோ வெளியிட்ட கேம் போய் என்ற கைக்கருவியில். அந்தக் கருவிக்கு மட்டும் ரெட்ரிஸ் 3.5 கோடிப் பிரதிகள் போனதாகக் கணக்கு.

அதில் ஒன்று ஈஸ்ற்ஹாமில் ஒரு அறைக்கு வந்து சேர்ந்தது. 1991 ஆம் ஆண்டு அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் வழக்கு முடிவு வரவில்லை. யாரோ பாதி விலைக்கு வாங்கிவந்த சாம்பல் நிறக் கேம் போய் கைமாறி கைமாறிச் சுற்றும். நான்கு பென் பற்றரி வேண்டும். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவன் நான் என்பதால் பற்றரி என் பொறுப்பு. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தவனுக்கு முதல் நாள் இரவு முழுவதும் கருவி சொந்தம் என்பது எழுதாத சட்டம். மற்றவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்போம். “சவுண்டைக் குறையடாப்பா” என்று ஒருவரும் சொன்னதில்லை. இன்றைக்கும் அந்த மெட்டு எங்காவது கேட்டால் எனக்குக் கட்டைகள் நினைவுக்கு வருவதில்லை. பழுப்புக் கடித உறைதான் வருகிறது.

கேம் போய்க்கு இசையமைத்தவர் ஹிரோக்காசு ரனக்கா. மெட்ரொயிட் விளையாட்டின் இசையும் அவருடையதுதான். அவர் கையில் இருந்தவை நான்கு குரல்கள் மட்டுமே: சதுர அலையில் இரண்டு, சிறிய அலைவடிவம் ஒன்று, இரைச்சல் ஒன்று. ஒன்று மெட்டைப் பிடிக்க, இரண்டாவது அதனோடு கூடப்போக, மூன்றாவது அடிக்கட்டைச் சுரத்தை மேலும் கீழுமாகக் குதிக்கவைக்க, இரைச்சல் தாளம் போட்டது. ஒரு தவில், இரண்டு நாயனம், ஒரு ஒத்து என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஒப்பீடு சரியில்லைத்தான், ஒத்து குதிக்காது. யப்பானில் முதலில் வெளிவந்த பதிப்பில் இந்தப் பாட்டே இல்லை. அந்த இடத்தில் ஒரு மினுவெற் இருந்தது. பிறகு வந்த திருத்திய பதிப்பில்தான் அதை எடுத்துவிட்டு இதைப் போட்டார்கள். நின்ரெண்டோ வீட்டுத் தொலைக்காட்சிக் கருவிக்கு வெளியிட்ட ரெட்ரிஸில் சைக்கோவ்ஸ்கியின் பாலே இசை ஒலித்தது. எது ஒட்டும், எது உதிரும் என்று யாருக்குத் தெரியும்?

ரனக்கா அந்த மெட்டைப் படைக்கவில்லை. அது ஒரு ரஷ்ய நாட்டுப் பாட்டு. இதை எனக்குச் சொன்னவர் என்னோடு வேலை செய்யும் ரஷ்யப் பெண்மணி. மதிய இடைவேளையில் நான் சீட்டியடிப்பதைக் கேட்டுவிட்டு, “இது என் பாட்டி பாடுவது, உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். கொரோபெய்னிக்கி என்பது பாட்டின் பெயர். பெட்டி சுமந்து ஊர் ஊராகத் துணி விற்பவர்கள் என்று பொருள். நிக்கொலாய் நெக்ராசோவ் 1861 இல் அதே பெயரில் எழுதிய நெடுங்கவிதையின் தொடக்கப் பகுதிதான் பாட்டாகியது. இளம் வியாபாரி தன் காதலியை இரவில் கம்பு வயலுக்கு வரச் சொல்கிறான். பெட்டி நிறையச் சீத்தையும் பட்டும் இருக்கின்றன. பேரம் நடக்கிறது. அவள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு நீலக்கல் மோதிரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறாள். பாட்டு காதலோடு நின்றுவிடும். கவிதை நிற்காது. திரும்பி வரும் வழியில், காட்டுக்குள், ஒரு காவலாளி அந்த வியாபாரிகளைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான்.

இந்தக் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்கு ரெட்ரிஸ் தெரியாது, மெட்டுத் தெரியும். என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகி, கறிக்கு வெங்காயம் வெட்டும்போது முணுமுணுப்பார். ஏ. எம். ராஜா பாடிய ஏதோ ஒன்று என்பது அவருடைய எண்ணம், படத்தின் பெயர்தான் பிடிபடவில்லை. கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“எங்கட ஊருக்கும் சீனாக்காரன் வாறவன் தம்பி. சைக்கிள் கரியரில பெரிய பொட்டளி. பட்டுத்துணி கொண்டுவருவான். எங்கட அம்மா விலை கேட்பா, வாங்கமாட்டா. பிறகு வாறேல்லை. அவனுக்கு என்ன நடந்ததோ தெரியாது.”

கொழும்பிலிருந்து வடக்கு வரைக்கும் சீனத் துணி வியாபாரிகள் சைக்கிளில் திரிந்த காலம் ஒன்று இருந்தது. அம்மாவின் மனதில் ரஷ்யக் கவிஞரின் வியாபாரி அந்தச் சைக்கிளில் ஏறிவிட்டான். இனி இறங்கமாட்டான்.

மெட்டும் அப்படித்தான் வாகனம் மாறிக்கொண்டே போயிருக்கிறது. முதலாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன ரஷ்யர்கள் அதற்கு ஒரு வட்ட நடனம் அமைத்தார்கள் என்று நாட்டார் நடனம் பழக்குபவர்கள் சொல்வார்கள். ஆக, ஊரில் இல்லாத ஆட்டத்தைப் புலம்பெயர்ந்தவர்கள் உண்டாக்கியிருக்கிறார்கள். ரஷ்யப் படைப் பாடகர் குழுக்கள் அதை இடிபோலப் பாடின. 1992 இல் டொக்டர் ஸ்பின் என்ற பெயரில் ஒரு நடன இசைத்தட்டு வந்து பிரித்தானியப் பட்டியலில் 6 ஆம் இடம்வரை ஏறியது. இரவு வேலையில் வானொலியில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது. டொக்டர் ஸ்பின் என்பது அண்ட்ரூ லொயிட் வெபரும் நைஜல் ரைற்றும் போட்டுக்கொண்ட முகமூடி என்பது பிறகுதான் தெரியவந்தது. பத்து வருடம் கழித்து ஏ. ஆர். ரஹ்மானின் இசையில் ‘பொம்பே ட்ரீம்ஸ்’ நாடகத்தை இலண்டனில் மேடையேற்றிய அதே வெபர்தான். கலிபோர்னியாவின் ஓஸ்மா என்ற ராக் குழு கித்தாரில் அறைந்து வாசித்த வடிவமும் உண்டு. 2023 இல் வந்த ரெட்ரிஸ் திரைப்படத்தில் பின்னணி முழுக்க மெட்டு துண்டு துண்டாக வந்துபோகும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஓஸ்மா. டொக்டர் ஸ்பினில் கட்டை விழும் அவசரம் இருக்கிறது, காத்திருப்பு இல்லை. பெரிய வாத்தியக்குழுக்கள் வாசிப்பதைக் கேட்டால் மூட்டை வியாபாரியைக் குதிரைப்படையோடு அனுப்பிவைத்ததுபோல இருக்கும். ஓஸ்மா பையன்கள் சத்தமாகத்தான் வாசிக்கிறார்கள். ஆனால், சின்ன வயதில் அதைத் தனியே கேட்டவர்கள் வாசிக்கிறார்கள் என்பது தெரிகிறது.

இவ்வளவையும் தேடிக் கேட்டதற்குக் காரணம் என் மகள். ஏழு வயதில் வயலின் தொடங்கியவள் பதினைந்தாவது வயதில் அதைப் பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்தாள். நான்கு மாதம் வெளியே எடுக்கவில்லை. நாங்கள் ஏசவில்லை, ஏசிய வீடுகளில் என்ன நடந்தது என்று கண்டிருக்கிறோம். ஒரு சனிக்கிழமை அறைக்குள்ளிருந்து ரெட்ரிஸ் கேட்டது, வயலினில். நான் கதவடியில் நின்றதைக் கண்டுவிட்டுச் சொன்னாள்: “அப்பா, நான் வர்ணம் வாசிச்சா என்ர ஃபிரெண்ட்ஸ் ‘நைஸ்’ எண்டு சொல்லுவினம். இதை வாசிச்சா இருந்து கேக்கினம்.”

அவளுடைய வயலின் ரீச்சர் வடமராட்சிக்காரி, வாய் கொஞ்சம் கடுமை. மெட்டை ஒருமுறை கேட்டுவிட்டுச் சுரம் எழுதச் சொன்னார். ஸட்ஜத்தை ஆதாரமாக வைத்துப் பார்த்தால் தொடக்கம் இப்படி வரும்: ப, ரி க ம, க ரி, ஸ, ஸ க ப, ம க, ரி. இரண்டாம் அடி மத்யமத்தில் தொடங்கித் தைவதத்தைத் தொட்டு மேல் ஸட்ஜத்துக்குப் போய், கைசிகி நிஷாதம் வழியாக இறங்கும். 20 ஆவது மேளம் நடபைரவி என்று மகள் எழுதினாள். ரீச்சர் தலையை ஆட்டினார், “மிச்சத்தையும் வாசி.” பாட்டின் பின்பகுதி நீண்ட சுரங்களாக மெல்லக் கீழிறங்கி, ஸட்ஜத்துக்குக் கீழே ஒரு நிஷாதத்தில் நிற்கும். அந்த நிஷாதம் காகலி. அதாவது 21 ஆவது மேளம், கீரவாணி. இரண்டு மேளத்துக்கும் வித்தியாசம் அந்த ஒரு சுரம்தான்.

“ஒரு பாட்டுக்குள்ளை ரெண்டு நிஷாதம் வைச்சிருக்கிறான் வியாபாரி,” என்றார் ரீச்சர். “வீட்டிலை ஒண்டு, வழியிலை ஒண்டு.”

அடுத்த சிக்கல் கமகம். காந்தாரத்தை அசைத்தால் ரெட்ரிஸ் காணாமற்போகிறது. அசைக்காமல் விட்டால் வயலினுக்குள் கேம் போய் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. மூன்று வாரம் இதோடு மாரடித்தார்கள். மெட்டின் உயிர் எந்தச் சுரத்தில் இருக்கிறது, எதை மாற்றினால் அது வேறொன்றாகிவிடும் என்பதை அந்த அறைக்கு வெளியே சோபாவில் இருந்துகொண்டு நானும் கற்றேன். தொடக்கத்துப் பஞ்சமத்திலிருந்து ரிஷபத்துக்கு விழும் பாய்ச்சலைத் தொடக்கூடாது. அங்கே ஜாரு போட்டாலும் போயிற்று. தைவதத்தில் எவ்வளவு அசைத்தாலும் மெட்டு கோபிக்காது. கடைசியில் ரீச்சர் முத்துஸ்வாமி தீட்சிதரைத் துணைக்கு அழைத்தார். ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டெழுதியவர் தீட்சிதர். நொட்டு ஸ்வர சாகித்தியம் என்று பெயர், சுமார் நாற்பது இருக்கின்றன. அதில் ஒன்று இங்கிலாந்தின் அரச கீதத்து மெட்டில் அமைந்தது. ஏறக்குறைய கமகமே இல்லாமல் நேர்நேராகப் பாடுவார்கள். ஆகவே முதல்முறை நொட்டு ஸ்வரம்போல நேராக வாசிப்பது, இரண்டாம் முறை காலத்தைக் குறைத்து கமகத்தோடு வாசிப்பது என்று முடிவாயிற்று. மிருதங்கம் வாசிக்க வந்த பெடியனுக்குத் தனிச் சந்தோசம்: ஆதி தாளத்தில் முதல் அடி சமத்தில் தொடங்க, இரண்டாம் அடி அரை இடம் தள்ளி எடுக்கிறது. கேம் போயில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன், அந்த அரை இடம் எனக்குத் தெரிந்ததே இல்லை.

கலைவிழா ஒன்றுக்குப் பெயர் கொடுத்தோம். பட்டியல் வந்தபோது அவளுடைய பெயர் இல்லை. பொறுப்பானவர் தொலைபேசியில் நிதானமாகத்தான் பேசினார். “இது எங்கட பண்பாட்டு மேடை அண்ணை. வீடியோ கேமுக்கு வேற இடம் இருக்கு. பிள்ளையை ஒரு கீர்த்தனை வாசிக்கச் சொல்லுங்கோ.” அவர்மேல் எனக்குக் கோபம் முழுதாக வரவில்லை. முப்பது வருடமாக வாடகை மண்டபங்களில் கதிரை அடுக்கிய மனிதர் அவர். எந்தக் கதவைத் திறந்தால் எது உள்ளே வரும் என்ற பயம் அவருக்கு. ஆனால் தீட்சிதர் ஆங்கிலேயனுக்குத் திறந்த கதவை இவர் ரஷ்யனுக்குச் சாத்துகிறார் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னேன். தீட்சிதர் கேம் விளையாடவில்லை என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, சிரிப்புத்தான் வந்தது.

மகள் கீர்த்தனை வாசிக்கப் போகவில்லை. வயலின் திரும்பவும் அலுமாரிக்குள் போய்விடும் என்று நானும் மனைவியும் ஒரு வாரம் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தோம். ரீச்சர்தான் தன் மாணவர்களின் மாலை நிகழ்ச்சியில் கடைசி உருப்படியாக அதை வைத்தார். தேவாலயத்துப் பின்மண்டபம், அறுபது எழுபது பேர். முன்வரிசையில் அம்மா, பின்வரிசையில் மகளின் பள்ளிக்கூடச் சிநேகிதிகள் ஐந்து பேர். முதல் சுற்று நேராக வந்தபோது பின்வரிசை சிரித்தது. இரண்டாம் சுற்றில் காலம் இறங்கி, தைவதம் அசைந்து, கீழே அந்தக் காகலி நிஷாதத்தில் வில் நின்றபோது மண்டபத்தில் சத்தமில்லை. எனக்கு ஈஸ்ற்ஹாம் அறையில் எல்லாரும் தூங்குவதுபோல நடித்த இரவுகள் வந்து போயின. அம்மா என் பக்கம் சரிந்து, “பிள்ளை நல்லா வாசிக்கிறாள். என்ன படம் எண்டு கடைசியில கண்டுபிடிச்சியோ?” என்றார்.

இப்போது அவள் கேம் போயின் பி வகைப் பாட்டைச் சுரப்படுத்திக்கொண்டிருக்கிறாள். அது நாட்டுப் பாட்டு அல்ல, ரனக்காவின் சொந்தச் சரக்கு. அதற்கு என்ன ராகம் என்று ரீச்சர் இன்னும் வாய் திறக்கவில்லை.