கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

இது கொஞ்சம் நீளமான பதிவு. கடைசி மட்டும் வாசியுங்கள், அங்கே உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம்.

எங்களை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சல்லிப் பக்கம் படிப்பிக்கிற மூன்று பேர், ஓட்டோ ஓடுகிற நானா ஒருவர். பின்னேரம் சாம்பல்தீவுச் சந்தியில் பிளேன்டீ குடிப்பது வழக்கம். அரசியல் கதைப்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருப்பதால் விளையாட்டைக் கதைப்போம். சண்டை என்னவோ அதில்தான் கூட வருகிறது.

2025 செப்டம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் வைத்தார் அல்லவா, அன்றைக்குத் தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. 48 ஏக்கர், 40,000 பேர் இருந்து பார்க்கலாம் என்றெல்லாம் செய்தி வந்தது. நானா கேட்டது ஒரே கேள்விதான்: "மாட்ச் முடிஞ்சு நாப்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில வெளிய வந்தா, அந்தத் தாம்போதியால எப்பிடிப் போற?" மண்டைதீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், யாழ்ப்பாணத்திலிருந்து கடலை ஊடறுத்துப் போகும் பண்ணை வீதிதான் வழி.

எங்களில் கணிதம் படிப்பிக்கிறவர் மறுபக்கம். "டவுனுக்குள்ள நாப்பத்தெட்டு ஏக்கருக்கு எங்க போற? துரையப்பா அரங்கு டவுனுக்குள்ளதான் இருக்கு, அதில சர்வதேச கிரிக்கெட் வைக்க ஏலுமா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். உதைபந்தாட்டத்துக்கும் ஓட்டப்போட்டிக்கும் அது அருமையான இடம். ஆனால் சின்னது. பெரிதாக வேண்டுமென்றால் ஊருக்கு வெளியேதான் போகவேண்டும். வெளியே போனால் சனம் எப்படி வரும், வந்த சனம் எப்படி வீட்டுக்குப் போகும் என்ற கேள்வி பின்னாலேயே வந்துவிடுகிறது. சதுப்பு நிலமும் கண்டல் காடும் என்னாகும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது தனிப் பதிவாக எழுத வேண்டியது.

பகல் இரவு ஆட்டத்தை மைதானத்தில் பார்த்த அனுபவம் எங்களுக்குக் கொழும்பில் படித்த காலத்தில்தான். கெத்தாராம மைதானம், அதாவது 1986இல் திறந்த பிரேமதாச அரங்கு, மாளிகாவத்தையில் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. பத்தரைக்கு மாட்ச் முடிந்தால் பதினொன்றுக்குக் கொத்து ரொட்டி சாப்பிடலாம், மருதானைக்கு நடக்கலாம். அங்கிருந்து எங்கே போகவும் ஏதோ ஒன்று கிடைக்கும். எப்படி வீடு போவது என்ற யோசனையே எங்களுக்கு அப்போது இருந்ததில்லை.

இதற்கு நேர்மாறு சூரியவெவ. 2011 உலகக் கிண்ணத்துக்காகக் காட்டை வெட்டிக் கட்டிய மைதானம், 35,000 பேருக்கு இடம். பெப்ரவரி 20இல் இலங்கையும் கனடாவும் ஆடிய முதல் மாட்சை டிவியில் பார்த்து வாயைப் பிளந்தோம். பிறகு அங்கே மாட்ச் வருவதே அபூர்வமாகி, கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்ற செய்தியையும் வாசித்தோம். புல்லும் கதிரையும் லைட்டும் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் ஆட்கள்தான் இல்லை.

எங்களில் ஒருவரின் தம்பி டொரொண்டோவில், ஸ்காபரோவில் இருக்கிறார். கூடைப்பந்துப் பைத்தியம். ராப்டர்ஸ் ஆடும் அரங்கு நகரத்தின் நடுவே, யூனியன் ரயில் நிலையத்தோடு ஒட்டியே இருக்கிறது. 1999இல் திறந்தது. பனி கொட்டுகிற இரவிலும் அரங்கிலிருந்து வெளியே கால் வைக்காமல் உள்வழியாகவே நடந்து ரயில் ஏறிவிடலாமாம். எல்லா ஊரும் அப்படியில்லை என்றும் அவர்தான் சொன்னார். பக்கத்து நாட்டில் டெட்ராய்ட் அணி 1988 முதல் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவு தள்ளி, ஓபர்ன் ஹில்ஸ் என்ற இடத்தில் ஆடியது. நல்ல அரங்கு, அங்கிருந்தே மூன்று முறை சம்பியன் ஆனார்கள். கார் இல்லாதவனுக்கு மட்டும் அது இல்லாத மாதிரி. 2017இல் அணி நகர மையத்துக்குத் திரும்பியது. பழைய அரங்கை 2020இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். திரும்பி வந்ததில் எல்லாருக்கும் சந்தோசம் என்றும் இல்லை. கார் வைத்திருந்த வெளியூர் ரசிகர்கள் இப்போது தங்களுக்குத்தான் தூரம் என்று முணுமுணுத்தார்களாம்.

இதைக் கேட்ட நானா ஒரே போடாகப் போட்டார்: "அப்ப மக்கெய்சர் மைதானத்தை எங்கட பக்கம் கொண்டு வருவம். சாம்பல்தீவில வெறுங்காணி கிடக்கு. நாங்க நடந்தே போவம்."

எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தோம். எங்களுக்கு நடை தூரம் என்றால் கிண்ணியாப் பொடியனுக்கு இரண்டு பஸ். மூதூர்ப் பொடியனுக்கு அதைவிடக் கூட. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முன்பு டவுனில் ஒரு மாட்ச் ஆட வேண்டுமென்றால் அவர்கள் மிதப்புப் பாதையில் கடக்க வேண்டும். கடைசிப் பாதை போய்விட்டால் ஆட்டம் பாதியில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவார்கள். அதைக் கேலி செய்தவர்களில் நாங்களும் இருந்தோம், மறைக்கவில்லை. கடப்பது என்றால் என்ன என்று 2021 நவம்பர் 23 காலை குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனபோது முழு மாவட்டத்துக்கும் உறைத்தது. நிலாவெளி வீதியும் கண்டி வீதியும் கிண்ணியா மூதூர் வீதியும் சந்திக்கிற இடம் டவுன்தான். மக்கெய்சர் அங்கேயே இருக்கட்டும் என்று நானாவே ஒத்துக்கொண்டார்.

இப்படி நாங்கள் அரங்குகளைக் கட்டியும் உடைத்தும் விளையாடிக் கொண்டிருந்த ஒரு பின்னேரம்தான் அந்த அம்மா வந்தார்.

அவருடைய மகள் தரம் 10. பெயர் வேண்டாம். தகப்பன் கடல் தொழில். பிள்ளை உயரம், கையும் நீளம், ஓடினால் பிடிக்க முடியாது. வலைப்பந்தில் அவளைப் பார்த்த ஒருவர் கூடைப்பந்துப் பயிற்சிக்கு டவுனுக்குக் கூப்பிட்டார். செவ்வாய், வியாழன், சனி.

கூடைப்பந்து எங்கள் மாகாணத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் லூசியானாப் பக்கத்திலிருந்து 1940களின் கடைசியில் வந்த யேசு சபைப் பாதர்மார் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கினார்கள். மட்டக்களப்பில் வெபர் பாதரின் பெயரில் மைதானமே இருக்கிறது. இங்கே புனித சூசையப்பர் கல்லூரியில் பயிற்சி கொடுத்தவர் ஹெபர்ட் பாதர். 1990 ஓகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரவில்லை. இன்றுவரை தகவல் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வருவது பெரிய விசயமாக இருந்த காலம் அது. எங்கள் பக்கத்து உம்மாமாரும் அம்மாமாரும் இருட்டைக் கண்டால் இன்னும் வாசலுக்கு வந்து நிற்பதற்கு அந்தக் காலம்தான் காரணம் என்று நினைக்கிறோம்.

அம்மா சொன்னது இவ்வளவுதான்: "சேர், பிள்ளையை நிப்பாட்டுறன். விளையாட்டு வேண்டாம் எண்டு இல்ல. என்னால வாசல்ல நிண்டு நிண்டு ஏலாது."

முதல்நாள் பிள்ளை சந்தியில் இறங்கும்போது ஏழு இருபதாம். கைகாட்டிய ஒரு பஸ் நிற்காமல் போயிருக்கிறது. சந்தியிலிருந்து சல்லிக்குள்ளே இருட்டில் நடந்து வந்திருக்கிறாள். நாய்க்குப் பயந்து சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாளாம்.

நாங்கள் வழக்கம் போல ஆறுதல் சொன்னோம். "சமாளிக்கலாம் அம்மா, ஆறு ஏழு கிலோமீட்டர்தானே." அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேருடைய மோட்டார் சைக்கிள்களையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பார்வை எங்களை விடவில்லை. அந்த வியாழக்கிழமை மூன்று பேரும் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டோம். பயிற்சி முடிகிற ஐந்தரைக்கு நாங்களும் அந்தக் கோர்ட் வாசலில் நின்று, பிள்ளை போகிற வழியிலேயே பஸ் நிலையத்துக்கு நடந்தோம். ஒரு பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததில் ஏற இடம் இல்லை. மஃரிபைப் பக்கத்துப் பள்ளியில் தொழுதுவிட்டு வந்தோம். எங்களுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் எங்கே? இதை இத்தனை வருசத்தில் ஒருநாளும் யோசிக்கவில்லை. பிறகு வந்த பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றோம். கடைகளில் வேலை செய்து திரும்புகிற பெண்கள் ஐந்தாறு பேர் மூலையில் ஒதுங்கி நின்றார்கள். இறங்கும்போது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டர் தம்பியிடம் கேட்டோம். "சனம் இருந்தா இருக்கு சேர்" என்றார்.

சந்தியிலிருந்து சல்லிக்குள்ளே நடந்தோம். லைட் கம்பங்களை எண்ணினோம், எரிந்தவற்றையும் எண்ணினோம். இரண்டாவது எண்ணை இங்கே எழுதி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ஆனால் சல்லி முத்துமாரி அம்மன் கோயில் திருவிழா இரவு இதே வீதியில் நின்று பாருங்கள். பகல் மாதிரி வெளிச்சம், ஓட்டோவும் வேனும் விடிய விடிய.

ஸ்காபரோத் தம்பிக்கு அன்றிரவே வொய்ஸ் மெசேஜ் போட்டோம். அவர் வீட்டிலிருந்து அரங்குக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். மாட்ச் பத்து மணிக்கு முடிந்தாலும் அவருடைய மகள் கூட்டாளிகளோடு ரயிலில் வந்துவிடுவாளாம். எங்கள் பிள்ளைக்கு ஆறு ஏழு கிலோமீட்டர், ஐந்தரைக்கே முடிகிறது.

2024 ஜூலை 28 ஞாபகம் இருக்கிறதா? பெண்கள் ஆசியக் கிண்ண இறுதியாட்டம், தம்புள்ள. நுழைவு இலவசம் என்றதும் காசு சேர்த்து ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளையும் இரண்டு தாய்மாரையும் ஏற்றிக்கொண்டு போனோம். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இந்தியா 165 அடித்தது. சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா ஆட்டமிழக்காமல் 69, எட்டு விக்கெட்டால் கிண்ணம் எங்களுக்கு. வேனில் வந்த பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. கத்திக் கத்திக் குரல் போய், ஹபரணையில் யானைக்காக வேன் நின்றபோதுகூட சைகையில்தான் பேசினாள். அன்று அவளுடைய அம்மா ஒரு வார்த்தை தடுக்கவில்லை. வாசலில் கொண்டுவந்து இறக்குவோம் என்று தெரியும்.

மறுநாள் அம்மாவிடம் போய், நாங்கள் சொன்னது பிழை என்று சொன்னோம். நானா தானாகவே முன்வந்தார்: "தங்கச்சி, செவ்வாயும் வியாழனும் நான் கூட்டி வாறன். எங்கட வீட்டாளும் ஓட்டோவில வருவா." இப்போது ஐந்து வாரம் ஆகிறது. பிள்ளை நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நிலாவெளிப் பக்கமிருந்து இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், ஒருத்தி எங்கள் பள்ளிவாசல் தெருப் பிள்ளை. நானாவின் பின்சீட்டில் ஒரு பந்து நிரந்தரமாகக் கிடக்கிறது, ஹயர் வருகிறவர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

பஸ் நேரம் பற்றி ஒரு கடிதம் எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கிக் கொண்டிருக்கிறோம். ஆறே காலுக்கு நிச்சயமாக ஒரு பஸ், அவ்வளவுதான் கேட்கிறோம். அது வரும்வரை ஆள் வேண்டும். நானாவுக்குச் சனிக்கிழமை சவாரி நாள், அதை அவரிடம் பிடுங்க முடியாது. மூன்று பிள்ளைகளும் பைகளும் ஓர் ஓட்டோவுக்குக் கூடவும்தான்.

ஆகவே வேலை இதுதான். சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு டவுனிலிருந்து சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் திரும்பி வருகிற வேனோ காரோ வைத்திருப்பவர்கள், வீட்டுப் பெண் ஒருவரோடு வருபவர்களாக இருந்தால் நல்லது, தாய்மார் அப்படித்தான் கேட்கிறார்கள். பெற்றோல் காசை நாங்கள் தருகிறோம். கீழே மாஷா அல்லாஹ், வாழ்த்துக்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தச் சனிக்கிழமை முடியும் என்று எழுதுங்கள்.