‘மச்சி, என்ன வந்துச்சு?’

சி.சி.என்.ஏ. 200-301: சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் தேர்வு. 120 நிமிடம். பாடத்திட்டத்தைச் சிஸ்கோவே திறந்து வைத்திருக்கிறது, எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்பது உட்பட. ஐ.பி. கனெக்டிவிட்டிதான் பெரிய பங்கு. தேர்ச்சி மதிப்பெண்ணை மட்டும் வெளியிடுவதில்லை.

*

சப்நெட்டிங்: /26 என்றால் 64 முகவரி, கருவிகளுக்கு 62. தாளில் போட்டுப் போட்டுக் கை பழக வேண்டும். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. தாண்டிப்போன கேள்விக்குத் திரும்பவும் முடியாது.

*

லேப் போட்டுப் பார்க்கப் பாக்கெட் டிரேசர் இலவசம். இரண்டு ரவுட்டர், நடுவில் ஓ.எஸ்.பி.எஃப். ரவுட்டிங். ஈத்தர்நெட்டில் ஹலோ டைமர் 10 வினாடி. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கொஞ்ச நேரத்தில் நெய்பர் காணாமல் போகும். அடுத்து ஏரியா எண். அடுத்து சப்நெட் மாஸ்க். ஓடுகிற லேபை வேண்டுமென்றே கெடுத்து, ஷோ கமாண்டுகளை மட்டும் வைத்துக் காரணம் பிடிப்பது. பக்கத்தில் இருப்பவர் கெடுத்துத் தந்தால் இன்னும் நல்லது.

*

எழுதிவிட்டு வெளியே வந்ததும் போனில் நிற்கும் முதல் கேள்வி: “மச்சி, என்ன வந்துச்சு?”

கேட்பவன் மேல் தப்பில்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். ஆனால் இங்கே ரகசிய ஒப்பந்தத்தை ஏற்றால்தான் தேர்வே தொடங்கும். கேள்வி, விடைத் தெரிவுகள், லேப் படம் எதுவும் வெளியே போகக்கூடாது. நினைவிலிருந்து சொன்னாலும் கூடாது. மீறினால் சான்றிதழ் ரத்து, இனி எழுதத் தடை என்று போகும்.

“ஏ.சி.எல். மட்டும் நல்லா பாத்துக்கோ” என்று கண்ணடித்துச் சொல்வது? கேள்வியைச் சொல்லவில்லையே என்று வாதாடலாம். என் கணக்கில் அதுவும் கசிவுதான். ஏ.சி.எல். பாடத்திட்டத்தில் இருப்பது அவனுக்கும் தெரியும். அவனுக்கு வேண்டியது, தேர்வில் அது வந்ததா என்பதுதான்; கண்ணடித்தால் அதைச் சொன்னதாகிவிடும். எப்படிப் படித்தேன், எந்த லேப் போட்டேன் என்பதையெல்லாம் எழுதப் போகுமுன்பே கொட்டிவிடலாம். அதற்கு எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்காது.

*

அடுத்தது டம்ப்: கசிந்த கேள்விகளைத் தொகுத்து விற்கும் பி.டி.எஃப்.; அதில் விடையே தப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. மனப்பாடம் செய்து பாஸானவர் இன்டர்வியூவில் மாட்டுவார். ரவுட்டிங் டேபிளில் 110/2 என்று இருக்கிறது, 110 எது, 2 எது என்று கேட்டால் போதும். (110 அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், 2 மெட்ரிக்.)

*

தவறினால் மறுபடி எழுத 5 நாள் இடைவெளி. ஸ்கோர் ரிப்போர்ட்டில் பகுதிவாரியாகச் சதவீதம் வரும். குறைந்த பகுதியை எடுத்து, அதன் தலைப்புகளைப் பாடத்திட்டத்தில் தேடி, ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு லேப்.