தக்காளிக்கு முன்பணம்

மதீனாவின் சந்தைக்குச் சரக்கு கொண்டுவரும் வெளியூர்க்காரர்களை, அவர்கள் ஊருக்குள் நுழையுமுன்பே வழிமறித்துக் கொள்முதல் செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர், பின்னர் சந்தைக்கு வந்து நிலவரத்தை அறிந்தால், அந்த விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வியாபாரப் பாடத்தில் இந்த இடம் வரும்போதெல்லாம், “இன்று வழிமறிப்பவர் யார்?” என்று மாணவர்களிடம் கேட்பேன். ஒட்டன்சத்திரம் பக்கத்து மாணவர் ஒருவர் சொன்ன பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. “மறிக்கவே வேண்டியதில்லை ஹஜ்ரத். எங்க அத்தா வாங்கின முன்பணமே சரக்கை அந்த மண்டிக்கு இழுத்துட்டுப் போயிடும்.”

அவருடைய தந்தைக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். நாற்று, குச்சி, கயிறு, மருந்து என்று நடவின்போதே பணம் வேண்டும். அதைக் கமிஷன் மண்டிக்காரர் கொடுத்துவிடுகிறார். வட்டி என்ற பேச்சே இல்லை. விளைந்த தக்காளி முழுவதும் அந்த மண்டிக்கே வரவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அங்கே அன்றைய விலையைச் சொல்பவர் அவர். பத்து ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடிப்பவரும் அவர். இறக்குக்கூலியும் கழிந்த பிறகே சீட்டு கைக்கு வரும். அடுத்த மண்டியில் பெட்டிக்கு முப்பது ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் அங்கே வண்டியைத் திருப்ப முடியாது.

கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பது ஆகுமானதன்று என்ற ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. அதன் காரணத்தை இந்த மண்டிச் சீட்டைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. கடன் கொடுத்தவர் வட்டியாக வாங்காததை விலையில் வாங்கிக்கொள்ள முடிகிறது. ஆயினும் மண்டிக்காரர்களைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது நீதியாகாது. அவர்களில் நம் சமுதாயத்தவரும் இருக்கிறார்கள். நள்ளிரவில் மருத்துவச் செலவுக்குப் போய் நின்றால், காகிதம் கேட்காமல் பணம் எடுத்துத் தருபவரும் அவர்தாம்.

அரசு 1999-இல் மதுரையில் தொடங்கிவைத்த உழவர் சந்தை ஒரு நல்ல வாசல். கமிஷன் இல்லை, அடையாள அட்டை பெற்ற விவசாயி தாமே தராசு பிடித்து விற்கலாம். கீரையும் கத்தரியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிப்பவருக்கு அது பெரும் உதவி. ஆனால் ஒரே காலையில் அறுபது பெட்டி தக்காளி பறிப்பவர் அங்கே உட்கார்ந்து கிலோ கிலோவாக விற்றுத் தீர்க்க முடியாது. முன்பணத்தில் கட்டுண்டவருக்கோ எந்தச் சந்தையும் திறந்ததாகாது.

முன்பணம் கொடுப்பதையே மார்க்கம் தடுத்துவிடவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, மக்கள் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்துக் கனிகளை வாங்கிவந்தார்கள். அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டதாக இருக்கட்டும் என்று வரையறுத்து, அதை அனுமதித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. இதற்கு ஸலம் என்று பெயர். மண்டி முன்பணத்தில் விலை பின்னால் வருகிறது. ஸலமில் விலை முதல் நாளே முடிவாகி முழுத்தொகையும் கைமாறிவிடுகிறது. வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் அந்த வேறுபாட்டில்தான் விவசாயியின் மரியாதை இருக்கிறது.

எங்கள் மதரஸாவில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் நூற்றுக்கு மேல். சமையலறைக்கு வாரம் ஐந்து பெட்டி தக்காளி தேவை. நிர்வாகத்தாரிடம் பேசி, எட்டு வாரத்துக்கு நாற்பது பெட்டி, பெட்டிக்கு 14 கிலோ, நடுத்தரக் காய், செங்காய்ப் பக்குவம், பெட்டி 250 ரூபாய் என்று எழுதி, பத்தாயிரத்தை அந்தத் தந்தையிடம் முன்கூட்டியே கொடுத்தோம். இன்ன தோட்டத்துக் காய் என்று எழுதவில்லை. ஸலமில் அவ்வாறு குறிப்பிடலாகாது. தோட்டம் பொய்த்தால் வெளியில் வாங்கித் தரவேண்டிய பொறுப்பு அவருடையது. அதனால்தான் விளைச்சலில் சிறு பங்குக்கு மட்டும் பேசினோம்.

மூன்றாம் வாரம் சந்தை விலை 150-க்கு இறங்கியது. நிர்வாகத்தில் ஒரு பெரியவர், “மதரஸாப் பணம் அமானிதம் ஹஜ்ரத். நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டோமே, மிச்சத்தைத் திருப்பிக் கேட்டால் என்ன?” என்றார். அவர் கவலை பொய்யன்று. ஒப்பந்த நாளின் விலை நியாயமாக இருந்தது, விலை ஏறியிருந்தால் அவரிடம் கூடுதல் கொடுத்திருப்போமா என்று கேட்டேன். கூட்டம் சிறிது நேரம் பேசாதிருந்தது. பிறகு பேச்சு அரிசி விலைக்கு மாறிவிட்டது. நாற்பது பெட்டியும் பேசிய விலைக்கே வந்து சேர்ந்தன.

அந்தப் பத்தாயிரத்தால், இந்த நடவுக்கு அவர் மண்டியில் புதிதாகக் கை நீட்டவில்லை. ஆனால் பழைய பாக்கி நாற்பதாயிரம் அப்படியே நிற்கிறது. அது தீரும்வரை மீதித் தக்காளி அங்கேதான் போகவேண்டும். அந்தத் தொகையை ஜமாஅத் பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாகக் கொடுத்து, அறுவடைக்கு அறுவடை திரும்பப் பெறலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் கொடுத்துப் பழகிய நிதி, பயிருக்கு இதுவரை கொடுத்ததில்லை. வரும் ஜும்ஆவுக்குப் பிறகு முத்தவல்லி கூட்டத்தைக் கூட்டுகிறார்.