நிலக்கரி நகரில் மாலுமிகளின் சொற்கள்

நெய்வேலியில் கப்பல் இல்லை. 1956-இல் நிறுவனம் தோன்றி, 1962-இல் மின்சாரம் பிறந்த இந்நகரில் நாம் காண்பவை மரங்கள் சூழ்ந்த வட்டங்களும், பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும், அனல் மின் நிலையங்களுமே. ஆயினும் இங்குள்ள தொழிலாளர் நாவில் மாலுமிகளின் ஆங்கிலச் சொற்கள் நாள்தோறும் புழங்குகின்றன.

‘லாக் புத்தகத்தை’ எடுத்துக்கொள்வோம். லாக் என்றால் மரக்கட்டை. முற்காலத்து மாலுமிகள் முடிச்சுகளிட்ட கயிற்றில் ஒரு கட்டையைப் பிணைத்து, கப்பலின் பின்புறமிருந்து கடலில் வீசுவர். மணற்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்றெண்ணி வேகத்தைக் கணிப்பர். (கப்பலின் வேகத்தை இன்றும் ‘நாட்’, அதாவது முடிச்சு, என்றே சொல்கிறார்கள்.) அக்கணக்கை எழுதிய ஏடே லாக் புத்தகம். இன்று கொதிகலனின் அழுத்தமும் வெப்பமும் அப்பெயருள்ள ஏட்டில் ஏறுகின்றன. இரவு ஷிப்டில் கண்ட கசிவொன்றை எழுதாது விட்டால், காலையில் வருபவர் அறியாமலே அதனருகில் நிற்க நேரும். நடுக்கடலில் காவல் மாறுகையிலும் இதே நிலைதான்.

‘ஓவர்ஹால்’ என்பது பாய்க்கயிறுகளைத் தளர்த்திச் சோதிப்பதைக் குறித்தது. இங்கோ டர்பைனைக் கழற்றிச் செப்பனிடுவது. மண்வாரி இயந்திரத்தின் நீண்ட கையாகிய ‘பூம்’, டச்சு மொழியில் மரம். பாயை விரித்துப் பிடித்த கழிக்கும் அதுவே பெயர்.

நாம் கடன் வாங்கியது மட்டுமா? நம் மீனவரின் கட்டுமரம் ‘கேட்டமரன்’ ஆகி ஆங்கிலத்துள் புகுந்து முந்நூறு ஆண்டுகள் கடந்தன. அவர்களோ அப்பெயரை இரட்டை உடற்படகுக்குச் சூட்டிவிட்டனர்!